உட்பக்கக் கொளுக்கி

மாங்குளம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
முன்பு மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறை என்னுடையது.
ஒரு பாய், மணல் தட்டு, கால் உடைந்த பிளாஸ்ரிக் மாடு,
ஒரு சின்ன மேளம்
(அடிக்க முடியாது, பக்கத்து அறையில் பிரஷர் பார்க்கிறார்கள்).
கதவுக்கு உள்ளே பூட்டில்லை.
நான் அதைக் கவனித்ததேயில்லை
அட்சயன் வரும்வரை.

ஒன்பது வயது.
என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்க்கவில்லை.
கதவைப் பார்த்தான்.
கதிரையை இழுத்து அதற்கு முண்டு கொடுத்தான்.
மேலே தன் புத்தகப் பையை வைத்தான்,
பாரம் காணாதென்று என் கைப்பையையும் கேட்டான்.
கொடுத்தேன்.
அன்று அவ்வளவுதான்.

கோப்பில் எல்லாம் இருக்கிறது:
பொலிஸ் முறைப்பாடு, சட்ட வைத்தியரின் தாள்,
சந்தேகநபர் தாயின் தங்கையின் கணவர்,
அடுத்த தவணை, அதற்கும் அடுத்த தவணை.
அந்த வீட்டுக் கதவு
தகரமா, கிடுகா, வெறும் சாக்குத் திரையா
என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

பயிற்சியில் சொல்லித் தந்தபடி ஒருநாள் கேட்டேன்:
"பூச்சியத்திலையிருந்து பத்துவரை, பயம் இப்ப எத்தினை?"
அவனுக்கு இலக்கம் பிடிக்காது.
முள்ளியவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன்.
"ஏறேக்கை நிறைஞ்சு கிடக்கும்.
ஒட்டுசுட்டானிலை கொஞ்சப்பேர் இறங்குவினம்.
ஒலுமடு வர யன்னல் சீற் கிடைக்கும்."
"இப்ப?"
"இன்னும் ஒட்டுசுட்டான் வரேல்லை."
அதன்பிறகு நாங்கள் அப்படித்தான் அளந்தோம்.

தாய் சிவமதி வெளியே வாங்கில் இருப்பாள்,
கார்மென்ற்ஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க.
நைற் சிஃப்ற். அதுதான் அவளுடைய குற்றப்பத்திரிகை,
அவளே எழுதி அவளே வாசிப்பது.
"ஒரு நைற்றுக்கு முந்நூறு ரூபா கூட எண்டுதான் மிஸ்..."
என்று தொடங்குவாள். முந்நூறில் நின்றுவிடும்.
தங்கச்சி இப்போது கதைப்பதில்லை.
ஊரில் இரண்டு பேர் வந்திருந்து தேத்தண்ணி குடித்து
"பொடியன்தானே, மறந்திடுவான், கேசை விடு" என்றார்களாம்.
அவர்கள் போனபின்
அந்தக் கோப்பைகளைக் கிணற்றடியில் போட்டு உடைத்தாளாம்.
அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நடுங்கவில்லை.

ஐந்தாம் கிழமை
வேலைத்தளத்துத் தச்சர் ஜெறோமைக் கூட்டிவந்தேன்.
"உள்ளுக்குப் பூட்டுப் போட விடமாட்டினம் மிஸ்."
"பூட்டில்லை அண்ணை, சின்னக் கொளுக்கி.
அவன்ரை நெஞ்சு உயரத்திலை."
அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
திருப்புளியை அவன் கையில் வைத்துவிட்டு
பீடி பற்றப் போய்விட்டார்.
நாலு திருகாணி. கடைசி கோணலாக ஏறியது.
கழற்ற விடவில்லை அவன்.

பிறகு மூன்று அமர்வுகள்
போட்டான், எடுத்தான். போட்டான், எடுத்தான்.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
'முன்னேற்றம்' என்ற இடத்தில் 'சத்தம்' என்று எழுதி
வெட்டினேன்.

வியாழனில் தாய்க்கும் ஒரு மணித்தியாலம்.
அழுகைக்கு அரை.
மிச்ச அரையில் கதவு தட்டப் பழகினோம்.
தட்டுவது சுகம்.
தட்டிவிட்டு நிற்பதற்குத்தான்
இரண்டு வியாழன் போனது.

நேற்று அவளை உள்ளே விடச் சம்மதித்தான்.
தட்டினாள்.
"ராசா, அம்மா வரட்டே?"
கொளுக்கியில் கை வைத்தபடி
"பொறுங்கோ" என்றான்.

வெளிநோயாளர் பகுதியில்
நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு.
நாற்பத்திமூன்று வரவில்லை, இரண்டுதரம் கூப்பிட்டார்கள்.
அவன் முழங்காலில் குனிந்து
கதவின் கீழ் இடுக்கால் பார்த்தான்.
இரண்டு செருப்பு.
இடது வார் ஊசி குத்தியது.
அசையவில்லை.

"ஒலுமடு" என்றான், எனக்கல்ல.
பிறகும்
உடனே திறந்துவிடவில்லை.